பால்பவுடர் டப்பாவும் பக்கத்து வீட்டு இணையமும்

இரவு 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்த காலம் ஒன்று உண்டு என்று மகளிடம் சொன்னால், "பரீட்சைக்காப்பா?" என்கிறாள். பரீட்சைக்கு எழுந்ததாக எனக்கு நினைவில்லை. 2005-இல் பி.எஸ்.என்.எல். 'டேட்டாஒன்' என்ற பெயரில் பிராட்பேண்ட் கொண்டுவந்ததும், அதன் ஒரு திட்டத்தில் பகலெல்லாம் எம்.பி. கணக்குப் பார்த்துப் பார்த்துச் செலவழித்துவிட்டு, இரவு 2 முதல் காலை 8 வரை மட்டும் மனம்போல இறக்கிக்கொள்ளலாம் என்று இருந்ததும், அதற்காகவே தேனிப் பக்கத்தில் பால்காரருக்கும் முன்னால் விழித்துக்கொண்ட ஒரு கூட்டம் இருந்ததும் உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். வாசல் தெளிக்க எழுந்து வரும் அம்மா, இருட்டறையில் மானிட்டர் வெளிச்சம் முகத்தில் அடிக்க உட்கார்ந்திருக்கும் மகனை ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "இவனுக்குக் காலாகாலத்துல ஒரு கால்கட்டுப் போட்டிருக்கணும்" என்று அப்பாவின் கட்டிலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவாள்.

அந்த ஆறு மணி நேரத்திலும் ஒரு குறும்பு இருந்தது. ஒரு சி.டி.யில் அடங்கும் 700 எம்.பி. படம், 256 கே.பி.பி.எஸ். வேகத்தில் இறங்கி முடிய ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். கிளைமாக்ஸ் எட்டு மணிக்குப் பிறகுதான் வரும். அதற்கு மறுநாள் இரவு மறுபடி எழுந்திருக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தெரிந்து போட்டார்களோ, தெரியாமல் அமைந்ததோ, வில்லன் சாகாமலே பொழுது விடிந்த படங்கள் எங்களிடம் நிறைய இருந்தன. இன்று தொலைபேசியில் அதே படம் டீ ஆறுவதற்குள் வந்துவிடுகிறது, வந்த வேகத்திலேயே பாதியில் மூடியும் விடுகிறேன்.

மாதம் 500 ரூபாய் அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு வீடு தனியாகத் தாங்கும் தொகை இல்லை. அதனால் இணைப்பு ஒரு வீட்டுக்கு வந்தது, இணையம் ஐந்து வீட்டுக்குப் போனது. இப்படிப் பகிர்ந்துகொள்ளலாமா என்று விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதாவது எழுதியிருக்கும். அதையெல்லாம் படித்துப் பார்க்கிற வயதில் நாங்கள் இல்லை. எங்களுக்குத் தெரிந்திருந்த ஒரே சட்டம், அந்த ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வெளிப்புறத்திலும் உரிமம் இல்லாமல் குறைந்த சக்தியில் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. மொட்டைமாடியில் ஆன்டெனா வைப்பது குற்றமில்லை என்று அதற்குப் பொருள். தர்மசாலாவில் அதே வேகத்தில், அடுத்த மாதமே, மலைச்சரிவுகளில் ஒரு சமூக வலைப்பின்னலை எழுப்பிவிட்டார்கள் என்று பிற்பாடு படித்தேன். அவர்களுக்குப் பள்ளிகளையும் மடாலயங்களையும் இணைக்க வேண்டியிருந்தது. எங்களுக்கு ரைஸ்மில்காரர் வீட்டையும் தையல்கடை மாடியையும்.

ஆன்டெனா வாங்கக் காசில்லை. அமெரிக்காவில் 2001-லேயே ஒருவர் பிரிங்கிள்ஸ் சிப்ஸ் டப்பாவில் ஆன்டெனா செய்து காட்டியிருந்தார். சாதாரணத் தகர டப்பா அதைவிட நன்றாக வேலை செய்கிறது என்று அளந்து பார்த்தவர்களும் எழுதியிருந்தார்கள். தெருவில் கைக்குழந்தை இருந்த வீடு இரண்டு. ஆகவே பால்பவுடர் டப்பாவுக்குப் பஞ்சமில்லை. டப்பாவைக் கழுவி, விட்டம் எட்டு ஒன்பது சென்டிமீட்டர் இருக்கிறதா என்று பார்த்து, அடியிலிருந்து கணக்குப் பண்ணின தூரத்தில் ஆணியால் துளை போட்டு, அந்தத் துளை வழியாக 31 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தாமிரக் கம்பியை உள்ளே நிறுத்த வேண்டும். அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், அதில் காலே கால் பங்கு. ஒரு மில்லிமீட்டர் கூடினால்கூடக் குற்றம் என்று நண்பன் ஒருவன் தாலிக்குத் தங்கம் நிறுக்கிற பத்தர்போல அந்தக் கம்பியை அரம் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பான். டப்பா சும்மா வந்தது. அதில் மாட்டுகிற கனெக்டர்தான் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவேண்டியிருந்தது. அதன் விலையில் பால்பவுடரே நான்கைந்து டப்பா வாங்கியிருக்கலாம்.

அலைக்குப் பெயர் வைக்க வேண்டுமல்லவா, தெருமுனைப் பிள்ளையாரின் பெயரையே வைத்தோம். என்ன கோளாறு வந்தாலும் பொறுப்பு அவருடையது என்று ஆகிவிடும். கடவுச்சொல் கிடையாது. தையல்கடைக்காரரின் மகனுக்கு ஒரு பழைய கணினி தேற்றிக் கொடுத்தோம். அவன் பங்குக் காசை யாரும் கேட்டதில்லை, அவனும் பேச்செடுத்ததில்லை. தெருவழியே மடிக்கணினியோடு யாராவது போனால் அவருக்கும் இணையம் உண்டு. ஆனால் எங்கள் ஊரில் அப்போது மடிக்கணினியோடு நடந்து போனவர் எல்.ஐ.சி. அதிகாரி ஒருவர்தான், அவரும் பையைத் திறந்து நான் பார்த்ததில்லை.

எங்களுக்கிருந்த எதிரி அத்தை வீட்டு வேப்பமரம். இலையில் இருக்கிற ஈரம் அந்த அலைவரிசையைக் குடித்துவிடும். மாசி மாதம் இலையெல்லாம் பழுத்துக் கொட்டும்போது சிக்னல் குச்சி குச்சியாக ஏறும். பங்குனியில் தளிர் விட்டு, சித்திரையில் மரம் குளிர்ந்து நின்றால் இணையம் படுத்துவிடும். மழை பெய்த மறுநாள் கேட்கவே வேண்டாம். ஒரே ஒரு கிளையை மட்டும் வெட்டிக்கொள்கிறோம் என்று அத்தையிடம் கேட்டுப் போனோம். "மாரியாத்தா மரம்டா. உங்க டப்பாவுக்காகக் கையி வைக்கணுமா? டப்பாவ வேற பக்கம் திருப்புங்கடா," என்றார் அத்தை. திருப்பினோம். அதனால்தான் நேரே நான்கு வீடு தள்ளியிருந்த என் அறைக்கு இணையம் ரைஸ்மில் கூரை வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

ஐந்து வீட்டுக்கு ஒரே குழாய் என்பதால், யார் என்ன செய்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும். திடீரென்று எல்லாருக்கும் வேகம் செத்துப்போனால் மொட்டைமாடியிலிருந்து ஒரு குரல் வரும்: "யாருடா இழுக்குறது?" எதிர்மாடியிலிருந்து, "அஞ்சு நிமிஷம்ணே, முடியப்போகுது." மூன்றாம் வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு கைப்பிடிச்சுவர் ஓரமாக வந்து நின்றால், மற்ற நான்கு வீட்டிலும் தானாகவே எல்லாம் நின்றுவிடும். அவருடைய பேத்தி வெளிநாட்டிலிருந்து ஸ்கைப்பில் வருகிற நேரம் அது. "தம்பிகளா, கொஞ்சம் ஒத்துழைங்கப்பா" என்பார், பள்ளிக்கூடத்தில் பிரம்போடு நின்ற அதே மனிதர். பேத்தியின் முகம் கட்டம் கட்டமாக வந்து சேரும்; குரல் முன்னால் வரும், உதடு பின்னால் அசையும். அவர் பேசி முடித்து மாடிக்கு வந்து கையசைத்தால்தான் நாங்கள் மறுபடி தொடங்குவோம். இப்போது என் வீட்டில் நின்று தொலைபேசியைத் திறந்தால் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்கள் பதினைந்து தெரிகின்றன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பூட்டு. அந்தப் பெயர்களில் எது எந்த வீட்டுக்காரருடையது என்றுகூட எனக்குத் தெரியாது.

இந்த மாடி விளையாட்டுக்கெல்லாம் ஐந்தாறு வருடம் முன்பே, கம்பி இல்லாமல் ஊரை இணைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் புதுச்சேரிப் பக்கம் போயிருந்தேன். அப்போது ஒரு பத்திரிகைக்குத் துண்டு துணுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளாப்பி இருக்கும். அதில் ஒன்றும் இருக்காது. வாயைத் திறந்தால் தகவல் நெடுஞ்சாலை, தகவல் புரட்சி. இப்படிப்பட்ட ஒருவன் வீராம்பட்டினத்துக் கடற்கரையில், மீன்கூடைகளுக்கும் காயப்போட்ட வலைகளுக்கும் நடுவே, பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூவோடு போய் நின்றதை யாரும் படம் பிடிக்காமல் விட்டது என் அதிர்ஷ்டம்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் அங்கே தொடங்கிய வேலை அது. கனடாவின் ஐ.டி.ஆர்.சி. பணம் கொடுத்தது. வில்லியனூர் நடுமையம்; சுற்றியுள்ள கிராமங்களில் ஒவ்வொரு அறை. தொலைபேசிக் கம்பி எட்டாத இடங்களுக்குப் போலீஸ்காரர்கள் வைத்திருப்பது போன்ற வி.எச்.எஃப். வயர்லெஸ் செட் மூலமாகச் செய்தி போகும். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாததால் கூரையில் சூரியத் தகடு. கணினியை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்களே, பெரும்பாலும் பெண்கள். ஆங்கில விசைப்பலகையில் எந்த எழுத்தைத் தட்டினால் எந்தத் தமிழெழுத்து விழும் என்பதை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, நான் ஒரு வரி தட்டுவதற்குள் ஒரு பத்தியைத் தட்டி முடித்தார்கள். அந்தக் கிராமங்களில் ஒன்றான ஏம்பலத்தில் கோயில் வளாகத்துக்குள்ளேயே மையம் இருந்தது. இடத்தை ஊர் கொடுக்க வேண்டும். எந்தச் சாதிக்காரரும் தடையில்லாமல் உள்ளே வந்துபோக முடிய வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒப்புக்கொண்டால்தான் கணினி வரும் என்பது ஏற்பாடு. வயர்லெஸ் செட்டைப் பற்றி மூன்று பக்கம் குறிப்பெடுத்த நான், இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரி ஒதுக்கினேன். இன்று அந்தக் கட்டுரையை யாராவது திருப்பி எழுதச் சொன்னால் பக்கங்களை இடம் மாற்றிவிடுவேன்.

வீராம்பட்டினத்தில் நான் பார்த்த புதுமை ஒரு ஒலிபெருக்கி. அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களுக்காக வலைத்தளத்தில் போட்டுவைத்த அலை உயரக் கணிப்பை வில்லியனூரில் எடுத்து, தமிழாக்கி, இங்கே அனுப்புவார்கள். இங்கே அது கூம்பு ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்கும். அலை இத்தனை அடி, காற்று இந்தப் பக்கம். கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொள்வார். கணினி தெரிய வேண்டாம், எழுத்துகூடத் தெரிய வேண்டாம், காது இருந்தால் போதும். செங்கழுநீர் அம்மன் தேர்த்திருவிழாவுக்குப் பாட்டுப் போடுகிற ஊரில், ஒலிபெருக்கி என்றால் யாருக்கும் அச்சமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. எனக்குத்தான் சற்று ஏமாற்றம். இவ்வளவு தூரம் வந்து, தகவல் புரட்சி என்பது குழாய் ரேடியோ மாதிரி இருக்கிறதே என்று.

விடாமல் ஒரு பெரியவரைப் பிடித்து, இணையம் உங்கள் வாழ்க்கையை எப்படி மாற்றியிருக்கிறது என்று கேட்டேன். அவர் என் ஷூவை ஒருமுறை பார்த்தார். "அல எம்மாம் ஒசரம்னு சொல்லுது, சரி. மீனு எங்க கெடக்குன்னு சொல்லச் சொல்லு தம்பி, அப்பறம் பேசிக்கலாம்." பின்னாளில் ஹைதராபாத்தின் கடல் தகவல் மையத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கணித்த மீன்வளப் பகுதிகள் இந்த மையங்களுக்கு வரத் தொடங்கியபோது, அந்தப் பெரியவரை நினைத்துக்கொண்டேன்.

2004 டிசம்பர் 26 காலையில், சுனாமி வந்தபோது, பக்கத்திலுள்ள நல்லவாடு கிராமத்தில் அதே மாதிரியான ஒலிபெருக்கிதான் ஊரைக் காப்பாற்றியது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் செய்தி பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைக்க, அங்கிருந்த இதே திட்டத்து அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் எல்லாரும் ஓடுங்கள் என்று அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின; ஆட்கள் தப்பினார்கள். இன்றைக்கு அதே எச்சரிக்கை ஒவ்வொருவர் தொலைபேசியிலும் தனித்தனியாக வரும், அபாயச் சத்தத்தோடு. நல்லதுதான். ஆனால் என் தொலைபேசி ஒரு நாளைக்கு எத்தனை முறை என்னைப் பதறவைக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அலை வரும்போது நான் அதையும் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேனோ என்று தோன்றுகிறது.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிந்ததென்று சொல்ல முடியாது. 2001 கடைசியில் மதுரைக்குப் பக்கத்தில் மேலூரைச் சுற்றிய கிராமங்களில் இணையக் கடைகள் முளைத்தன. ஐ.ஐ.டி. சென்னையில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம். ஒரு கோபுரம், சுற்றி 10 கிலோமீட்டர்வரை எட்டும். உள்ளூர்ப் பெண்ணோ பையனோ கடன் வாங்கிக் கடை போடுவார்கள். சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் தாலுகா ஆபீசுக்குப் பஸ் ஏற வேண்டாம், கடையிலிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பது ஒரு பெரிய கவர்ச்சி. கோழிக்குச் சீக்கு என்றால் கால்நடைக் கல்லூரிக்குப் படம் அனுப்பிக் கேட்கலாம். ஜாதகமும் உண்டு, கூட்டம் எதற்கு நின்றது என்று நான் சொல்லத் தேவையில்லை. சில வருடங்களில் பெரும்பாலான கடைகள் மூடிவிட்டன. வருமானம் கடன் தவணைக்குப் போதவில்லை, பழுது பார்க்க ஆள் நேரத்துக்கு வரவில்லை, முதலில் சுறுசுறுப்பாக இருந்த அதிகாரி மாறிப் போனதும் மின்னஞ்சலில் போன விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை. பரிசுகளும் பாராட்டுகளும் வாங்கிய பிறகுதான் இதெல்லாம் நடந்தது. தொழில்நுட்பத்தில் குறை என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் பக்கத்திலேயே நடந்த ஒன்று பிழைத்தது. அரவிந்த் கண் மருத்துவமனை தேனியிலிருந்து போடி, சின்னமனூர், பெரியகுளம் போன்ற ஊர்களில் சிறிய கண் பரிசோதனை மையங்கள் வைத்து, அவற்றைத் தேனி மருத்துவமனையோடு வைஃபையால் இணைத்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து எரிக் புரூவர் என்ற பேராசிரியரின் மாணவர்கள் வந்து கோபுரம் ஏறினார்கள். வைஃபை என்பது வீட்டுக்குள் புழங்கப் பிறந்த சாதனம். ஒரு துண்டுச் செய்தியை அனுப்பிவிட்டு, "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்காகக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பொறுக்காது. பதில் வராவிட்டால் தொலைந்ததென்று மறுபடி அனுப்பும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி வைத்தால் பதில் வந்துகொண்டிருக்கும்போதே மறுபடி அனுப்ப, இரண்டும் மோதிக்கொள்ளும். மாணவர்கள் அந்த அவசரக்குணத்தை மென்பொருளிலேயே மாற்றி, இந்த முனை கொஞ்ச நேரம், அந்த முனை கொஞ்ச நேரம் என்று முறை வைத்துப் பேச வைத்தார்கள். இவ்வளவு செய்தும் அவர்களை அதிகம் படுத்தியது நம் மின்சாரம்தான். மின்னழுத்தம் திடீர் திடீரென்று எகிறிச் சின்னச் சின்னப் பெட்டிகளைப் பொசுக்கியது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

அப்பத்தாவை அப்படியொரு மையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் தேனியில் இருக்கிறார், திரையில் வருவார் என்று சொன்னதும், பீரோவிலிருந்து சுங்குடிச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். திரையில் டாக்டரம்மா தெரிந்தவுடன் கும்பிட்டு, "சாப்ட்டியா தாயி?" என்றார். கண்ணைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கியது. திரும்பும் வழியில், எங்கள் மாடி டப்பாவும் இதே வேலையைத்தான் செய்கிறது அப்பத்தா என்று நான் பெருமையாகச் சொன்னபோது, "அப்ப அதுலயும் டாக்டரு வருவாகளா?" என்றார். வரமாட்டார்கள், பாட்டுதான் வரும் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் டப்பா நான்கு வீடு தாண்டத் திணறிய அதே காலத்தில், 2007-இல், வெனிசுவேலாவில் மலைக்கு மலை 382 கிலோமீட்டருக்கு வைஃபையை அனுப்பிக் காட்டினார்கள். அங்கே நடுவில் வேப்பமரம் இருந்திருக்காது.

பிறகு 2008 வந்தது. அகமதாபாத் குண்டுவெடிப்பையொட்டிப் போன மின்னஞ்சல் ஒன்று, நவி மும்பையில் கடவுச்சொல் இல்லாத ஒரு வீட்டு வைஃபை வழியாகப் போயிருந்தது தெரியவந்ததும், திறந்த அலை என்பதே பயங்கரமான சொல்லாகிவிட்டது. வைஃபையைப் பூட்டுங்கள் என்று அரசு சொன்னது. நாங்களும் பூட்டினோம். அரசுக்குப் பயந்ததைவிட, வாத்தியார் பயந்துவிட்டார் என்பதுதான் காரணம். பிள்ளையார் பெயருக்குப் பக்கத்தில் பூட்டு ஏறியதும், கடவுச்சொல்லை யாருக்கெல்லாம் சொல்லலாம் என்ற பேச்சு வந்தது. பேச்சு வந்ததும் தையல்கடைப் பையனின் பங்குக் காசு என்ற பேச்சும் வந்தது. அதற்குள் இணைப்பும் மலிந்து, வீட்டுக்கொன்று ஆகிவிட்டது. டப்பாக்கள் துருப்பிடித்து, ஒன்றில் அத்தை கற்றாழை வளர்த்தார்.

2011-இல் பிரவுசிங் சென்டர்களுக்கும் விதி வந்தது. அடையாள அட்டை, வருகைப் பதிவேடு. தடுப்பின் உயரம் நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது. ஒரு காலத்தில் மணிக்கு அறுபது ரூபாய் கொடுத்து, பிளைவுட் அடைப்புக்குள் வியர்த்துக்கொண்டு, ஒரு ஹாட்மெயில் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த நாலரை அடியின் அருமை புரியும். மானம் காக்கும் உயரத்தைச் சட்டமே அளந்து கொடுத்த இடம் வேறெது?

இலவச வைஃபை அதற்குப் பிறகு அரசு மரியாதையோடு திரும்பி வந்தது. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கி, கூகுளும் ரயில்வேயின் ரெயில்டெல்லும் சேர்ந்து 2018-க்குள் 400 ரயில் நிலையங்களுக்குக் கொடுத்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவைத் தண்ணீர் விலைக்கு இறக்கியது. இனி இது தேவையில்லை என்று 2020-இல் கூகுள் விலகிக்கொண்டது. ரெயில்டெல் வைஃபை இன்னும் இருக்கிறது. அதில் நுழையத் தொலைபேசி எண் கொடுக்க வேண்டும், ஓ.டி.பி. வரும். அதாவது கையில் செல்போனும் அதில் உயிருள்ள சிம்மும் இருப்பவருக்குத்தான் இலவச இணையம். வீராம்பட்டினத்து ஒலிபெருக்கி யாரிடமும் ஓ.டி.பி. கேட்டதில்லை.

இணைய இடைவெளி மூடிவிட்டது என்று நானும் நம்பியிருந்தேன், 2020-இல் பள்ளிக்கூடங்கள் பூட்டப்படும் வரை. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு செல்போன். அதுவும் அப்பா லோடு ஏற்றப் போகும்போது கூடவே போய்விடும். ஆன்லைன் வகுப்பு காலையில். செல்போன் வீடு திரும்புவது மாலையில். சிக்னல் தேடிப் பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு நேர் கீழே இருந்த வீடுகளில் எல்லாம் வைஃபை ஓடிக்கொண்டிருந்தது, பூட்டோடு. என் வீட்டிலும்தான்.

ஸ்பெயினின் கட்டலோனியாவில், பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத பண்ணை வீடுகளுக்காக 2004-இல் சிலர் எங்களைப்போலவே மாடியில் ஆன்டெனா கட்டத் தொடங்கினார்கள். 'குய்ஃபி.நெட்' என்று பெயர். இன்று அதில் 35,000-க்கும் மேற்பட்ட இணைப்பு முனைகள் ஓடுகின்றன, கண்ணாடியிழை உட்பட. அவர்கள் புத்திசாலிகள், நாங்கள் மக்குகள் என்பதில்லை. அவர்கள் ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். யார் எவ்வளவு போட்டார்கள், யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கு வைத்தார்கள். எங்களிடம் நட்பு இருந்தது, நோட்டுப் புத்தகம் இல்லை.

இப்போது நம் நாட்டிலும் அதற்கு ஒரு வழி திறந்திருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம்.-வாணி திட்டத்தில், பெட்டிக்கடைக்காரர்கூடப் பொது வைஃபை நடத்தலாம். உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம், கட்டணம் வேண்டாம். ஓ.டி.பி. இதிலும் உண்டு, அதிலிருந்து தப்பிக்க முடியாது. கடைக்காரரிடம் இணைப்புக்கு அநியாய விலை கேட்கிறார்கள் என்ற புகார் வந்து, வீட்டுக் கட்டணத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2025-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வரம்பும் கட்டிவிட்டது. எங்கள் தெருமுனை டீக்கடைத் தம்பியிடம் இதையெல்லாம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிண்ணே. ஒரு டீயக் குடிச்சிட்டு நாள்பூராம் பெஞ்சுல உக்காந்துக்கிட்டா என்ன பண்றது?" என்றான். நியாயமான கேள்வி. பரீட்சைக் காலத்தில் மட்டும், சாயங்காலம் இரண்டு மணி நேரம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்று பேசி வைத்திருக்கிறோம்; மாதச் செலவில் பாதி என்னுடையது. இந்த முறை நோட்டுப் போட்டாயிற்று. உங்கள் தெருவிலும் ஒரு டீக்கடை இருக்கும். போய்க் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது டீயைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.